"திரும்ப எடுக்காதே!" – கேட்டுக்குப் பின்னால் எழுதப்படும் தீர்ப்பு

(அம்பத்தூர் எஸ்டேட் பகுதித் தொழிலாளர்களிடையே ஆற்றிய உரை)

தோழர்களே!

காலை ஷிப்ட் முடித்துக் களைப்போடு வந்தவர்கள் இருக்கிறீர்கள். இரவு ஷிப்டுக்குப் போக வேண்டியவர்கள் கையில் சாப்பாட்டுத் தூக்கோடு நிற்கிறீர்கள். பூவிருந்தவல்லி, செம்பரம்பாக்கம் பக்கத்திலிருந்து விவசாயத் தொழிலாளத் தோழர்களும் பெண்களும் வந்திருக்கிறீர்கள். ஆகவே நீட்டி முழக்காமல் விஷயத்துக்கு வருகிறோம்.

இன்று நாம் பேசப்போவது கூலி உயர்வைப் பற்றி அல்ல. போனசைப் பற்றியும் அல்ல. வேலையை விட்டு வெளியே வந்த பிறகும் நம்மைத் துரத்திக்கொண்டு வருகிற ஒரு சொல்லைப் பற்றி. "இந்த ஆளைத் திரும்ப எடுக்காதே" என்ற சொல்லைப் பற்றி.

பட்டாபிராமிலிருந்து ஒரு தோழர் நம்மிடம் வந்தார். இந்தப் பக்கத்துப் பட்டறை ஒன்றில் 7 வருஷம் பிரஸ் ஓட்டியவர். விரல் போகாமல் பிரஸ்ஸுக்குக் காப்புத் தடுப்பு வைக்க வேண்டும், கையுறை வேண்டும் என்று 11 பேர் கையெழுத்திட்டு ஒரு மனுக் கொடுத்தார்கள். முதல் கையெழுத்து இவருடையது. மூன்றாவது மாதம் இவரை ஆபீஸ் அறைக்கு அழைத்தார்கள். டைப் அடித்து வைத்திருந்த ராஜினாமாக் கடிதத்தை முன்னால் தள்ளினார்கள். "கையெழுத்துப் போட்டால் கணக்கு இன்றே தீரும். இல்லாவிட்டால் திருட்டுக் கேஸ்" என்றார்கள். போட்டுவிட்டார்.

பிறகு வேறு ஆலைக்குப் போனார். டிரேட் டெஸ்டில் தேறினார். "திங்கட்கிழமை வேலைக்கு வா" என்றார்கள். திங்கட்கிழமை போனால் கேட்டில் வாட்ச்மேன் தடுத்தார். "லிஸ்டில் உன் பெயர் இல்லையப்பா" என்றார். அடுத்த ஆலையிலும் அதே கதை. இப்படி நாலு இடம். நாலாவது இடத்தில் ஆபீஸில் வேலை செய்கிற ஒரு பையன் மனம் கேட்காமல் வெளியே வந்து சொன்னான்: "அண்ணே, உங்க பழைய கம்பெனிக்கு விசாரிச்சு மெயில் போனது. 'இவரைத் திரும்ப வேலைக்கு எடுப்பீர்களா' என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் 'இல்லை' என்று போட்டு அனுப்பிட்டாங்க. காரணம் ஒண்ணும் எழுதலை."

வீட்டில் மனைவியின் கழுத்துச் சங்கிலி அடகுக் கடைக்குப் போய்விட்டது. பெண் குழந்தைக்குப் பள்ளிக்கூடச் சம்பளம் பாக்கி. அவர் நம்மைப் பார்த்துக் கேட்டார்: "தோழர், நான் என்ன திருடினேனா? என்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறான் என்றுகூட எனக்குத் தெரியாதே! எதற்கென்று நான் பதில் சொல்வது?"

இந்தக் கேள்வியைக் கேட்டபோது நாம் தலை குனிந்தோம். ஏன் தெரியுமா? ராஜினாமாவில் கையெழுத்துப் போட்ட அன்று சாயங்காலமே அவர் நம்மிடம் ஓடி வந்திருந்தார். "நடந்தது நடந்துவிட்டது. சண்டை போட அங்கே நமக்குப் பலமில்லை. பி.எஃப். பணத்தை வாங்கிக்கொள். கையில் தொழில் இருப்பவனுக்கு வேறு இடமா இல்லை?" என்று சொல்லி அனுப்பியவர்கள் நாம்தான். அது தவறு. சின்னத் தவறு அல்ல, பெரிய தவறு. அன்று இரவே நாலு வரி எழுதி அனுப்ப வைத்திருந்தால் அவர் நிலைமை வேறாக இருந்திருக்கும். அந்தத் தவறிலிருந்து கற்றதைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறோம்.

முத்திரை எப்படி வேலை செய்கிறது?

முதலில் இதன் சூட்சுமத்தைப் புரிந்துகொள்ள வேண்டும்.

வேலையிலிருந்து நீக்குவது என்றால் நிர்வாகத்துக்கு ஆயிரம் தொல்லை. குற்றப் பத்திரிகை கொடுக்க வேண்டும். விசாரணை நடத்த வேண்டும். சாட்சி வேண்டும். நம் பதிலைக் கேட்க வேண்டும். பிறகு லேபர் ஆபீஸ், கோர்ட்டு என்று அலைய வேண்டும். ஆனால் ஒரு கட்டத்தில் 'இல்லை' என்று போட என்ன வேண்டும்? ஒரு விரல் போதும். சாட்சி வேண்டாம், விசாரணை வேண்டாம், காரணமும் வேண்டாம். ஆனால் தண்டனை எது பெரியது? நீக்கினால் ஓர் ஆலையின் கதவு மூடுகிறது. இந்த முத்திரை குத்தினால் பாடியிலிருந்து ஆவடி வரை எல்லாக் கதவும் மூடுகிறது.

இன்று பல கம்பெனிகள் இந்த விசாரிப்பு வேலையைச் செய்யத் தனி ஏஜென்சிகளை வைத்திருக்கின்றன. சின்னப் பட்டறைகளில் ஏஜென்சி வேண்டாம். ஒரு மானேஜர் இன்னொரு மானேஜருக்குப் போன் போட்டால் முடிந்தது. ஆள் சப்ளை செய்யும் காண்டிராக்டரோ பத்து ஆலைகளுக்கு ஆள் அனுப்புகிறவர். அவர் நோட்டில் ஒரு பெயரை அடித்தால் பத்து ஆலையிலும் அந்தப் பெயர் அடிபடும்.

வயலில் வேலை செய்யும் தோழர்களே, இது உங்களுக்குப் புதிதா? செம்பரம்பாக்கம் ஏரிப் பாசனத்தில் நடவு நடந்த நாட்களை நினைத்துப் பாருங்கள். கூலி போதாது என்று ஒரு பெண் வரப்பில் நின்று வாய் திறந்தால், நிலத்துக்காரர் அவளிடம் ஒன்றும் சொல்லமாட்டார். டீக்கடையில் உட்கார்ந்து மற்ற நிலத்துக்காரர்களிடம் சொல்வார்: "அவளைக் கூப்பிடாதே." மறுநாள் மேஸ்திரி ஆள் கூட்டும்போது அவள் வீட்டைத் தாண்டிப் போய்விடுவார். கம்ப்யூட்டரில் போடும் கட்டமும் டீக்கடைப் பேச்சும் ஒன்றுதான். உடுப்புத்தான் வேறு.

இதில் இன்னொரு விஷமும் இருக்கிறது. முத்திரை குத்தப்பட்டவன் வெட்கப்படுகிறான். சொந்தக்காரனிடம் சொல்ல மாட்டான், சங்கத்திலும் சொல்ல மாட்டான். தன்னிடம்தான் ஏதோ குறை என்று நினைத்துக்கொள்கிறான். உள்ளே வேலையில் இருப்பவனோ பயப்படுகிறான். 'அவன் கதி நமக்கும் வரும்' என்று மனுவில் கையெழுத்துப் போட மறுக்கிறான். ஒருவனைத் தண்டித்து நூறு பேரின் வாயைக் கட்டுவதுதான் இந்த முத்திரையின் வேலை.

பழைய சரக்கு, புதிய புட்டி

இது இன்று முளைத்த விஷயமல்ல. நம்முடைய தாத்தா, பாட்டிமார் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனார்களே, அங்கே ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு மாற வேண்டுமானால் 'துண்டு' என்ற சீட்டு வேண்டும். 'இந்த ஆளுக்கு இவ்வளவு கடன். அதைக் கட்டினால் விடுவிக்கத் தயார்' என்று அதில் எழுதியிருக்கும். துண்டு இல்லாதவனை அடுத்த தோட்டத்தில் சேர்க்க மாட்டார்கள். துண்டில் எழுதிய கடன் உண்மையா பொய்யா என்று கேட்க எழுத்தறியாத அந்தத் தமிழனுக்கு வழி ஏது? ஆள் மாட்டைப் போலக் கைமாறினான். 1921-ம் வருஷம் அங்கே சட்டம் போட்டுத்தான் துண்டு முறையை ஒழித்தார்கள்.

அமெரிக்காவைப் பாருங்கள். 1894-ல் புல்மன் கம்பெனித் தொழிலாளருக்கு ஆதரவாக ரயில்வேக்காரர்கள் மாபெரும் வேலைநிறுத்தம் செய்தார்கள். பட்டாளத்தைக் கொண்டு அதை முறியடித்தார்கள். பிறகு வேறு வேலை தேடிப் போனவர்களுக்கு ரயில்வே கம்பெனிகள் சர்வீஸ் கடிதம் கொடுத்தன. எழுத்தைப் படித்தால் ஒரு குறையும் இராது. ஆனால் அந்தக் காகிதத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், கழுத்து முறிந்த கொக்கின் உருவம் காகிதத்துக்குள்ளே தெரியும். 'இவன் ஸ்டிரைக் செய்தவன், எடுக்காதே' என்பதற்கு அது ரகசிய அடையாளம். தொழிலாளர்கள் கோர்ட்டு வரை போய் இதைச் சொன்னார்கள். கடிதத்தை நம்பி ஊர் ஊராக அலைந்தவன், தன் சட்டைப் பையிலேயே தன் தண்டனையைச் சுமந்துகொண்டு அலைந்திருக்கிறான்!

இவையெல்லாம் பழங்கதை என்று சொல்வீர்களா? பிரிட்டனில் 2009-ம் வருஷம் பிப்ரவரி மாதம், தகவல் பாதுகாப்பைக் கவனிக்கும் சர்க்கார் அலுவலகம் ஒரு ஆபீஸில் சோதனை போட்டது. 'கன்சல்டிங் அசோசியேஷன்' என்று பெயர்ப் பலகை. உள்ளே என்ன இருந்தது? கட்டிடத் தொழிலாளர்கள் 3,213 பேரின் பெயர்கள் எழுதிய ரகசியப் பட்டியல். 40-க்கு மேற்பட்ட பெரிய கட்டிடக் கம்பெனிகள் காசு கொடுத்து இதைப் பார்த்து வந்தன. சங்கத்தில் இருந்தான், வேலைத் தலத்தில் பாதுகாப்பைப் பற்றிக் கேள்வி கேட்டான் என்பவையெல்லாம் அதில் குற்றம்! பல வருஷம் வேலை கிடைக்காமல் குடும்பம் சிதைந்தவர்களுக்கு, தாங்கள் ஏன் ஒதுக்கப்பட்டோம் என்பது அன்றுதான் தெரிந்தது. அவர்கள் விடவில்லை. சங்கங்கள் மூலமாக ஒன்று திரண்டு வழக்குப் போட்டார்கள். 2010-ல் அப்படிப்பட்ட பட்டியல் வைப்பதைத் தடை செய்யும் விதிகள் வந்தன. 2016-ல் எட்டுப் பெரிய கம்பெனிகள் மன்னிப்புக் கேட்டு நஷ்ட ஈடு கொடுத்தன.

துண்டு, கொக்குக் காகிதம், ரகசியப் பட்டியல் என்ற இந்த மூன்றுக்கும் பொதுவானது என்ன? தொழிலாளிக்குத் தெரியாமல், அவன் பதில் சொல்ல முடியாமல், அவனைப் பற்றித் தீர்ப்பு எழுதுவது. மறைவில் இருக்கும் வரைதான் இதற்குப் பலம். வெளிச்சத்தில் பிடித்த அன்றே பாதிப் பலம் போய்விடுகிறது.

பெரம்பூர் மில்லில் நடந்த கதை

நம்முடைய பட்டணத்துக்கு வருவோம். பெரம்பூரில் பின்னி கம்பெனியின் பக்கிங்ஹாம், கர்நாடிக் மில்கள் இருந்தன. 1996-ல் மூடப்பட்டன. உங்களில் பலருடைய அப்பாவோ தாத்தாவோ அங்கே நூல் பிடித்தவர்களாக இருப்பார்கள். அந்த மில்லின் நிலையாணையில் ஒரு விதி: லீவு இல்லாமல் தொடர்ந்து 8 வேலை நாள் வராதவன், தானாகவே வேலையை விட்டுப் போனவனாகக் கருதப்படுவான்.

1957-ல் ஒரு தொழிலாளி லீவில் போனார். லீவு முடிந்தும் வர முடியவில்லை. நோய் என்று டாக்டர் சர்ட்டிபிகேட்டோடு திரும்பி வந்தார். "நீயாகவே விட்டுப் போய்விட்டாய்" என்று மில் சேர்க்க மறுத்தது. வழக்கு டில்லி வரை போயிற்று. 1963-ல் உச்சநீதிமன்றம் நிர்வாகத்தின் பக்கமே தீர்ப்புச் சொன்னது. நோயில் கிடந்தவன் 'ஓடிப்போனவன்' ஆனான்!

ஆனால் வழக்கு ஒரு கோர்ட்டோடு முடிந்தாலும், பிரச்னை முடிவதில்லை. வடக்கே இன்னொரு ஆலை. 1980 டிசம்பர் மாதம் ஒரு தொழிலாளியின் பெயரை அடித்தார்கள். 'சொல்லாமல் வராமல் இருந்தான்' என்றது நிர்வாகம். "தினமும் வந்தேன், என்னைக் கேட்டிலேயே தடுத்தார்கள், ஆஜர் புத்தகத்தில் கையெழுத்துப் போட விடவில்லை" என்றார் தொழிலாளி. லேபர் கோர்ட்டில் தோற்றார். ஆனாலும் விடவில்லை. 1993-ல் உச்சநீதிமன்றம் என்ன சொன்னது? நிலையாணையில் எப்படி எழுதியிருந்தாலும் சரி, ஒரு மனிதனின் பிழைப்பைப் பறிக்கும் முன் அவன் பதிலைக் கேட்டே தீர வேண்டும், விசாரணையில்லாமல் பெயரை அடித்தது செல்லாது என்றது. திரும்ப வேலையும் பாதிச் சம்பளப் பாக்கியும் கிடைத்தன.

1963-க்கும் 1993-க்கும் இடையே 30 வருஷம். அந்த ஒரு வாசகத்துக்காக எத்தனை பேர் கேட்டில் நின்றிருப்பார்கள்! அவர்கள் நின்றதால்தான் இன்று நம் கையில் ஒரு வாதம் இருக்கிறது.

இன்னொன்றும் கேளுங்கள். சர்க்காருக்குச் சரக்கு விற்கும், வாங்கும் கம்பெனிகளைச் சர்க்கார் கறுப்புப் பட்டியலில் வைப்பது உண்டு. அப்படி வைக்கப்பட்ட ஒரு வியாபாரக் கம்பெனி வழக்குப் போட்டது. 1974-ல் உச்சநீதிமன்றம், அந்தக் கம்பெனியின் பதிலைக் கேட்காமல் கறுப்புப் பட்டியலில் வைக்கக் கூடாது, அது அதன் பெயரையும் தொழிலையும் கெடுக்கிறது என்று தீர்ப்பளித்தது. நல்ல தீர்ப்புத்தான். அது சர்க்கார் வைக்கும் பட்டியலைப் பற்றியது. அதை அப்படியே தனியார் முதலாளிமீது பிரயோகிக்க முடியாது. ஆனால் நியாயத்தை யோசியுங்கள். லட்சக்கணக்கில் வியாபாரம் செய்கிறவனுக்குப் பெயர் உண்டு, அது கெடக்கூடாது. பிரஸ் ஓட்டுகிறவனுக்குப் பெயர் இல்லையா?

சட்டம் எங்கே நிற்கிறது?

1955 ஜனவரியில் இந்த ஆவடியில்தான் காங்கிரஸ் மகாசபை கூடி 'சோஷலிச பாணிச் சமுதாயம்' அமைப்போம் என்று தீர்மானம் போட்டது. பிறகு ஆவடியில் டாங்கி தொழிற்சாலை வந்தது, 1964-ல் அம்பத்தூர் எஸ்டேட் வந்தது. ஆலைகள் வந்தன, ஆனால் ஆலைக்குள்ளே நியாயம் தானாக வரவில்லை.

2025 நவம்பர் 21 முதல் மத்திய சர்க்கார் நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களை நடப்புக்குக் கொண்டுவந்திருக்கிறது. பழைய 1947-ம் வருஷத் தொழில் தகராறுச் சட்டமும், 1946-ம் வருஷ நிலையாணைச் சட்டமும் போய், தொழில் உறவுத் தொகுப்பு என்ற சட்டம் வந்திருக்கிறது. நமக்கு எது குறைந்தது, எது மிஞ்சியது என்று தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

குறைந்தது: முன்பு மத்தியச் சட்டப்படி 100 பேர் வேலை செய்யும் இடத்தில் நிலையாணை கட்டாயம். இப்போது 300 பேர் வேண்டும். எஸ்டேட்டில் சந்து சந்தாக இருக்கும் பட்டறைகளில் 300 பேருக்கு எங்கே போவது? ஆட்குறைப்புச் செய்யப்பட்டவனுக்கு, மறுபடி ஆள் எடுக்கும்போது முதல் உரிமை உண்டு என்று பழைய சட்டம் சொன்னது. அதற்கு வருஷக் கணக்கு வைக்கவில்லை. புதிய சட்டம் ஒரு வருஷத்துக்குள் எடுத்தால்தான் அந்த உரிமை என்கிறது. வேலைநீக்கத்தை எதிர்த்து லேபர் கோர்ட்டுக்குப் போகப் பழைய சட்டத்தில் 3 வருஷம் அவகாசம் இருந்தது. இப்போது தகராறு எழுந்து 2 வருஷம் கடந்தால் சமரச அதிகாரி அதை எடுக்க முடியாது.

மிஞ்சியது: தனி ஒருவனின் வேலைநீக்கமும் தொழில் தகராறுதான் என்ற விதி இருக்கிறது. பழிவாங்கும் நோக்கத்தோடு நீக்குவதும், பச்சைப் பொய்க் காரணம் காட்டி நீக்குவதும் அநியாயத் தொழில் நடவடிக்கை என்ற விதி இருக்கிறது. சட்டப்படி வேலைநிறுத்தம் செய்தவனிடம், 'நல்லபடி நடப்பேன்' என்று எழுதிக் கொடுத்தால்தான் உள்ளே விடுவோம் என்று வற்புறுத்துவதும் அந்தப் பட்டியலில் இருக்கிறது.

இல்லாதது ஒன்று உண்டு. வெளியே போனவனைப் பற்றி அவனுக்குத் தெரியாமல் 'எடுக்காதே' என்று சொல்வதே குற்றம் என்று நேராகச் சொல்லும் பிரிவு அந்தத் தொகுப்பில் இல்லை. பொய்யென்று தெரிந்தே எழுதினால் அவதூறு வழக்குப் போடலாமே என்பார்கள். போடலாம். ஆனால் அதை நிரூபிக்கும் பாரம் நம் தலையில். 'நல்லெண்ணத்தோடு சொன்னோம்' என்று அவர்கள் தப்பிக்கப் பார்ப்பார்கள். ஆகவே அதை மட்டும் நம்பி உட்காரக் கூடாது.

நாம் செய்ய வேண்டியது என்ன?

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. நடைமுறையைப் பேசுவோம். இதை மனதில் வாங்கிக்கொண்டு வீட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள்.

முதலாவது, மிரட்டி வாங்கும் ராஜினாமாவில் கையெழுத்துப் போடாதீர்கள். "வீட்டில் கேட்டு நாளை சொல்கிறேன்" என்று எழுந்து வந்துவிடுங்கள். போட்டே விட்டீர்களா? அன்றே, அந்த இரவே, 'மிரட்டி வாங்கினார்கள், இது என் சொந்த விருப்பமல்ல, வாபஸ் வாங்குகிறேன்' என்று எழுதி, ஒப்புகையோடு தபாலில் அனுப்புங்கள். நகலை லேபர் ஆபீஸுக்கும் சங்கத்துக்கும் அனுப்புங்கள். ராஜினாமா நடப்புக்கு வரும் முன் அதை வாபஸ் வாங்கலாம் என்பதை உச்சநீதிமன்றம் பலமுறை ஏற்றிருக்கிறது. இந்த நாலு வரிதான் பட்டாபிராம் தோழரிடம் இல்லாமல் போயிற்று.

இரண்டாவது, காகிதங்களைச் சேர்த்து வையுங்கள். வேலை நியமனக் கடிதம் இப்போது எல்லோருக்கும் கட்டாயம். காண்டிராக்ட் தொழிலாளி கேட்டால், அவன் செய்த வேலையைக் காட்டும் அனுபவச் சான்றிதழைக் காண்டிராக்டர் கொடுத்தாக வேண்டும் என்று புதிய சட்டமே சொல்கிறது. வாய்மொழியாகக் கேட்காதீர்கள்; எழுதிக் கேளுங்கள். சம்பளச் சீட்டு, ஈ.எஸ்.ஐ. அட்டை, டிரேட் டெஸ்ட் சான்று, பரிசு கொடுத்த கடிதம் எல்லாவற்றையும் வைத்திருங்கள். 'நல்ல வேலைக்காரன்' என்று அவன் கையெழுத்திட்ட பழைய காகிதம், 'இல்லை' என்று அவன் போட்ட கட்டத்துக்குப் பதில் சொல்லும்.

மூன்றாவது, கணக்கைத் தீர்த்து வாங்குங்கள். நீக்கினாலும் ராஜினாமா செய்தாலும் 2 வேலை நாளில் சம்பள பாக்கி தர வேண்டும் என்பது இப்போதைய சட்டம். பி.எஃப். கணக்கில் வெளியேறிய தேதியை நிர்வாகம் போடாமல் இழுத்தடிக்கிறதா? கடைசிச் சந்தா கட்டி 2 மாதம் ஆனபின் நீங்களே ஆன்லைனில் போட்டுக்கொள்ளலாம். இன்னொரு விஷயம். பி.எஃப். ஏட்டில் வெளியேறிய காரணமாக வேலை முடிவு, ஓய்வு, மரணம், நிரந்தர ஊனம் போன்ற வகைகள்தான் உண்டு. 'கெட்ட ஆள்' என்று ஒரு வகை அதில் கிடையாது. "பி.எஃப்.பில் உன் பெயரைக் கெடுத்துவிடுவேன்" என்று மிரட்டுகிற சூப்பர்வைசரைக் கண்டு பயப்படாதீர்கள்.

நான்காவது, மறைவில் சொன்னதை வெளிச்சத்துக்குக் கொண்டுவாருங்கள். பழைய நிர்வாகத்துக்கு எழுதுங்கள்: 'நான் இத்தனை வருஷம் வேலை செய்தேன். என்மேல் எந்தக் குற்றப் பத்திரிகையும் இல்லை. என்னைத் திரும்ப எடுக்கத் தகாதவன் என்று நீங்கள் சொன்னதாக அறிகிறேன். காரணம் என்ன? எழுத்தில் தெரிவியுங்கள். இல்லையானால் திருத்தி எழுதுங்கள்.' மரியாதையாக, சுருக்கமாக எழுதுங்கள். கோபம் வேண்டாம். பதில் வந்தால் அது ஆதாரம். வராவிட்டால் அந்த மௌனமும் லேபர் ஆபீஸில் நம் பக்கம் பேசும். 2 வருஷக் கெடுவை மட்டும் மறக்காதீர்கள்.

ஐந்தாவது, புதிய இடத்தில் பொய் சொல்லாதீர்கள். பழைய வேலையை மறைத்தால், மறைத்ததையே பிற்பாடு குற்றமாக்குவார்கள். கேட்டால் நேராகச் சொல்லுங்கள்: "அங்கே பாதுகாப்புக் கேட்டு மனுக் கொடுத்தோம். அதில் மனஸ்தாபம். வேலையில் என்மேல் புகார் இல்லை, இதோ காகிதம்." பழைய மானேஜரைத் தவிர உங்கள் வேலையைப் பற்றிச் சொல்லக்கூடியவர் வேறு யார்? கூட வேலை செய்து இப்போது வேறு இடத்தில் இருக்கும் போர்மன், ஐ.டி.ஐ. வாத்தியார் இவர்களின் பெயரைக் கொடுங்கள்.

குற்றம் நம்முடையதானால்?

இங்கே நாம் உண்மையைப் பேச வேண்டும், தோழர்களே. எல்லா முத்திரையும் பழிவாங்கல் அல்ல. குடித்துவிட்டு மெஷினில் நின்றவன் உண்டு. சக தொழிலாளியை அடித்தவன் உண்டு. பெண் தொழிலாளியிடம் முறை தவறியவனும் உண்டு. அவனும் சங்கத்துக்கு வந்து "பழிவாங்கிவிட்டார்கள்" என்கிறான். கண்ணை மூடிக்கொண்டு அவனுக்குக் கொடி பிடித்தால், உண்மையில் பழிவாங்கப்பட்டவனின் சொல்லையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

அப்படிப்பட்டவனுக்கு நாம் சொல்வது: தப்பை ஒப்புக்கொள். குடியை நிறுத்து. அடிபட்டவனிடம் மன்னிப்புக் கேள். புதிய இடத்தில் "ஒரு முறை தவறினேன், இத்தனை மாதமாகத் திருந்தியிருக்கிறேன்" என்று சொல்லும் தைரியம் வேண்டும். அதே சமயம் நிர்வாகத்துக்கும் சொல்கிறோம். ஜெயிலுக்குப் போனவனுக்குக்கூடத் தண்டனைக்கு ஒரு முடிவு தேதி உண்டு. ஒரு தப்புக்காக ஒரு மனிதனை ஆயுள் முழுவதும் பட்டினி போட உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது? குற்றம் இருந்தால் அவனிடம் சொல்லுங்கள், விசாரியுங்கள், கால வரம்பு வையுங்கள்.

தனி ஆளாக முடியாது

கடைசியாக, சங்கத்தின் பொறுப்பு. சுங்குவார்சத்திரம் சாம்சங் தொழிலாளர்களை நினைத்துப் பாருங்கள். 2024 செப்டம்பர் 9 முதல் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். முடிவில் ஏற்பட்ட உடன்பாட்டில், வேலைக்குத் திரும்புகிறவர்களைப் பழிவாங்கக் கூடாது என்பது ஒரு ஷரத்து. அந்த ஷரத்து இல்லாமல் எந்த உடன்பாட்டிலும் கையெழுத்துப் போடக் கூடாது என்பது நமக்குப் பாடம். ஆனால் 2025 பிப்ரவரியில் அங்கே சங்க முன்னணியினர் மூவரை சஸ்பெண்ட் செய்தார்கள். மறுபடி போராட வேண்டி வந்தது. காகிதத்தில் எழுதியதைக் காவல் காப்பதும் நம் வேலைதான் என்பது இரண்டாவது பாடம்.

ஆகவே மூன்று காரியம் செய்வோம். இந்த வட்டாரத்தில் 'திரும்ப எடுக்காதே' என்று ஒதுக்கப்பட்டவர்கள் யார் யார் என்று ஒரு நோட்டில் எழுதுவோம். அவர்கள் வைத்திருப்பது ரகசியப் பட்டியல்; நாம் வைப்பது பகிரங்கப் பட்டியல். ஒரே நிர்வாகத்தின் பெயர் ஐந்து முறை வந்தால், அது தனி மனிதனின் குறையல்ல என்று லேபர் ஆபீஸில் ரொட்டி வெட்டுவதுபோல வெட்டிக் காட்டலாம். இரண்டாவது, வேலை இல்லாமல் நிற்கும் தோழரின் வீட்டில் அடுப்பெரிய வழி செய்வோம். ஒரு ஷிப்டுக்கு ஆளுக்கு ஒரு டீக்காசு ஒதுக்கினால் போதும். மூன்றாவது, சட்டத்தில் இல்லாத அந்தப் பிரிவைக் கோருவோம். தொழிலாளிக்குக் காட்டாமல் அவனைப் பற்றி எழுதக் கூடாது. எழுதினால் நகல் அவனுக்குக் கொடுக்க வேண்டும். பதில் சொல்லும் உரிமை வேண்டும். சங்கத்தில் இருந்ததற்காகவும் பாதுகாப்புக் கேட்டதற்காகவும் பட்டியல் வைப்பது தண்டனைக்குரிய குற்றமாக வேண்டும். பிரிட்டன் தொழிலாளி வாங்கியதை நாம் ஏன் வாங்க முடியாது?

பட்டாபிராம் தோழர் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். தாமதமாகத்தான் என்றாலும், மூன்று மாதத்துக்கு முன் கடிதம் எழுத வைத்தோம். மனுவில் கையெழுத்திட்ட 11 பேரில் 6 பேர் சாட்சி சொல்ல முன்வந்திருக்கிறார்கள். அவர்களில் நாலு பேர் இன்னும் அதே பட்டறையில் வேலை செய்கிறவர்கள். சமரச அதிகாரி முன் விஷயம் நிற்கிறது. வேலை இன்னும் கிடைக்கவில்லை. சங்கிலியும் இன்னும் மீளவில்லை. இனிப்பாக முடித்துச் சொல்ல நம்மிடம் ஒன்றுமில்லை. ஆனால் அந்தத் தோழர் இப்போது தலை குனிந்து நடப்பதில்லை. இதோ, இந்தக் கூட்டத்தில் முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

அடுத்த வாரம் இதே இடத்தில், இதே நேரத்தில் அந்த நோட்டைத் திறக்கிறோம். ஒதுக்கப்பட்டவர் யாராக இருந்தாலும் வெட்கப்படாமல் வந்து பெயரைச் சொல்லுங்கள். முதல் பெயரைப் பட்டாபிராம் தோழர் எழுதுவார்.